அத்தியாயம் 6: குறைந்த செலவில் இணையதளம் – செய்து தருபவரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டை 1958-இல் தொடங்கியது. நாட்டின் முதல் தொழிற்பேட்டைகளில் அதுவும் ஒன்று. அங்கிருக்கும் பட்டறைகளுக்கு நெடுங்காலம் விளம்பரமே தேவைப்படவில்லை. ஒரு வாடிக்கையாளர் இன்னொருவரிடம் சொல்வார், வேலை வரும். இன்றும் அப்படித்தான் வருகிறது. ஆனால் நடுவில் ஒரு படி கூடியிருக்கிறது. உங்கள் பெயரைக் கேள்விப்பட்ட பர்ச்சேஸ் மேனேஜர், போனை எடுப்பதற்கு முன் கூகுளில் தேடிப் பார்க்கிறார். ஒன்றுமே வராவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடுகிறார்.

லேத் பட்டறை, மோல்டு செய்பவர், அச்சகம், ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் மெஸ் நடத்துபவர், டியூஷன் சென்டர் வைத்திருப்பவர் என்று சிறு தொழில் செய்யும் எவருக்கும் இந்த அத்தியாயம் பொருந்தும். கம்ப்யூட்டர் நிரல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. யாரிடம் வேலையைக் கொடுப்பது, என்ன கேட்பது, எதை எழுதி வாங்குவது, எப்போது பணம் தருவது ஆகிய நான்கும் தெரிந்தால் போதும்.

ஒன்றை முதலிலேயே மனத்தில் நிறுத்துங்கள். முதல் பில் குறைவாக இருப்பது மலிவு ஆகாது. மூன்று வருடக் கணக்கு குறைவாக இருக்க வேண்டும், சாவிகள் எல்லாம் உங்கள் கையில் இருக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் மலிவு.

தெரிந்திருக்க வேண்டிய நான்கு சொற்கள்

வாடகைக்குக் கடை எடுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

- டொமைன்: கடையின் பெயர்ப்பலகை. டாட் காம், டாட் இன் என்று முடியும் முகவரி. இதை மொத்தமாக விலைக்கு வாங்க முடியாது. வருடா வருடம் கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும்.
- ஹோஸ்டிங்: கடை இருக்கும் இடம். உங்கள் பக்கங்களும் படங்களும் சேமிக்கப்பட்டிருக்கும் கம்ப்யூட்டர். இதற்கும் வருட வாடகை உண்டு.
- தளம்: கடைக்குள் அடுக்கிவைத்த சரக்கு. வடிவமைப்பாளர் செய்து தருவது இதைத்தான்.
- அட்மின் லாகின்: கல்லாப்பெட்டிச் சாவி. இது இருந்தால்தான் தளத்தில் எதையும் மாற்ற முடியும்.

சிறு தொழில் செய்பவர்கள் ஏமாறும் இடங்களில் பெரும்பாலானவை, இந்த நான்கையும் ஒரே பொட்டலமாக ஒருவரிடமே விட்டுவிடுவதிலிருந்து தொடங்குகின்றன.

படி 1: தேவையை ஒரே தாளில் எழுதுங்கள்

யாரையும் கூப்பிடுவதற்கு முன் ஒரு ஏ4 தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. தளத்தைப் பார்க்கப்போகிறவர் யார்? (பர்ச்சேஸ் மேனேஜரா, பக்கத்துத் தெருக்காரரா?)
2. பார்த்ததும் அவர் என்ன செய்ய வேண்டும்? (போன் செய்யவா, வாட்ஸ்அப்பில் டிராயிங் அனுப்பவா, ஆர்டர் போடவா?)
3. எத்தனை பக்கம் வேண்டும்? பெரும்பாலோருக்கு ஐந்து போதும்: முகப்பு, எங்களைப் பற்றி, சேவைகள், படங்கள், தொடர்பு.
4. எந்த மொழியில்? தமிழிலா, ஆங்கிலத்திலா, இரண்டிலுமா?
5. மூன்று வருடத்துக்குச் சேர்த்து எவ்வளவு செலவழிக்க முடியும்?

ஜாப் ஒர்க் எடுக்கும் பட்டறை என்றால் இன்னொரு பட்டியலும் வேண்டும். என்னென்ன மெஷின் இருக்கிறது, லேத்தின் பெட் நீளம் எவ்வளவு, எத்தனை மில்லிமீட்டர் விட்டம் வரை பிடிக்கும், எந்த உலோகங்களில் வேலை செய்கிறீர்கள், எந்த டாலரன்ஸ் வரை தர முடியும், அளக்க என்ன கருவிகள் வைத்திருக்கிறீர்கள், ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழ் இருக்கிறதா? பர்ச்சேஸ் மேனேஜர் தேடுவது இவற்றைத்தான். ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’ என்ற வரியை அவர் படிப்பதே இல்லை.

குறிப்பு: இந்தத் தாளையே எல்லோருக்கும் கொடுத்துக் கொட்டேஷன் கேளுங்கள். ஆளுக்கொரு மாதிரி வாயால் சொன்னால் வரும் விலைகளை ஒப்பிடவே முடியாது.

படி 2: காசில்லாமல் ஆவதை முதலில் முடியுங்கள்

கூகுள் மேப்பில் உங்கள் கடையைப் பதிவது இலவசம். ‘கூகுள் பிசினஸ் புரொஃபைல்’ என்று தேடி, உங்கள் ஜிமெயிலிலேயே நுழைந்து பதியுங்கள். சரிபார்க்க, கடையையும் பெயர்ப்பலகையையும் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லலாம். நேரம், போன் நம்பர், படங்கள் எல்லாவற்றையும் நிரப்புங்கள். வாட்ஸ்அப் பிசினஸும் இலவசம்தான். அதில் பொருள் பட்டியல் போட இடம் உண்டு.

மெஸ், தையல் கடை போன்று அக்கம்பக்கத்து வாடிக்கையாளரை மட்டும் நம்பும் தொழில் என்றால், முதல் ஆறு மாதத்துக்கு இவ்விரண்டே போதும். இணையதளச் செலவைத் தள்ளிப்போடலாம்.

நீங்களே தளம் செய்து பார்க்கவும் வழி இருக்கிறது. சென்னையில் வளர்ந்த சோஹோ நிறுவனத்தின் ‘சோஹோ சைட்ஸ்’, கூகுளின் ‘கூகுள் சைட்ஸ்’ போன்றவற்றில் கட்டங்களை இழுத்து வைத்தே பக்கம் அமைக்கலாம். வீட்டில் கல்லூரிப் பிள்ளை இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

எச்சரிக்கை: இலவசத் தளம் என்றைக்கும் இருக்கும் என்று நம்பாதீர்கள். பிசினஸ் புரொஃபைலோடு சேர்த்துக் கூகுள் கொடுத்துவந்த இலவச இணையதளங்கள் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. சொந்த டொமைன் வைத்திருந்தவர்கள் அதை வேறு தளத்துக்குத் திருப்பிக்கொண்டார்கள். இல்லாதவர்களின் பழைய முகவரி, விசிட்டிங் கார்டில் அச்சடித்தது உட்பட, வீணாயிற்று.

படி 3: டொமைனை நீங்களே பதியுங்கள்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு படியைத்தான் செய்வீர்கள் என்றால், இதைச் செய்யுங்கள்.

1. தொழிலுக்கென்று தனி மின்னஞ்சல் ஒன்றைத் திறங்கள். வேலைக்கு வரும் பையனின் மெயிலோ வடிவமைப்பாளரின் மெயிலோ கூடாது.
2. அங்கீகாரம் பெற்ற பதிவாளர் ஒருவரிடம் கணக்கு தொடங்குங்கள். டாட் இன் முகவரிகளை நிர்வகிப்பது ‘நிக்ஸி’ என்ற இந்திய அமைப்பு. அங்கீகாரம் பெற்ற பதிவாளர்களின் பட்டியல் அதன் தளத்தில் இருக்கிறது. டாட் காமுக்கு ‘ஐகான்’ அமைப்பின் பட்டியலைப் பாருங்கள்.
3. பெயர் சுருக்கமாக இருக்கட்டும். போனில் ஒரு தடவை சொன்னால் எதிரிலிருப்பவர் பிழையில்லாமல் எழுதிக்கொள்ள வேண்டும். நடுவில் கோடு, எண் எதுவும் வேண்டாம்.
4. உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ போடுங்கள். போன் நம்பரும் உங்களுடையதாகவே இருக்கட்டும்.
5. முதல் வருடச் சலுகை விலையோடு நிற்காமல் புதுப்பிக்கும் விலையையும் பாருங்கள். 99 ரூபாய் என்று கொட்டை எழுத்தில் போட்டு, இரண்டாம் வருடம் அதைப்போலப் பல மடங்கு கேட்பது வழக்கம்தான்.
6. முடிந்தால் மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயக்கி வையுங்கள்.

தமிழ் எழுத்திலேயே அமையும் ‘டாட் இந்தியா’ முகவரியும் கிடைக்கிறது. ஆசை இருந்தால் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் மின்னஞ்சலுக்கு ஆங்கில எழுத்து முகவரியே இருக்கட்டும். தமிழ் முகவரியை ஏற்காத படிவங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன.

எச்சரிக்கை: புதுப்பிக்க மறந்துவிட்டால் பதற வேண்டாம், தாமதிக்கவும் வேண்டாம். டாட் காம் முகவரி காலாவதியான பிறகு, பதிவாளரைப் பொறுத்துச் சில வாரங்கள் வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்க இடம் தருவார்கள். அதன் பின் வரும் 30 நாள் மீட்புக் காலத்தில் தண்டம் அதிகம். அதையும் தாண்டினால் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

படி 4: மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்குங்கள்

ஆள் தேட விளம்பரத்தைப் பார்க்க வேண்டாம். உங்கள் தொழிற்பேட்டையிலேயே, உங்களைப் போன்ற அளவில் உள்ள நான்கைந்து நிறுவனங்களின் தளங்களைப் போனில் திறந்து பாருங்கள். பிடித்த தளத்தின் அடிப்பகுதியில், செய்தவரின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். அந்த நிறுவன உரிமையாளரிடமே நேரில் கேளுங்கள்: “வேலை எப்படிங்க? முடிச்சு ஒரு வருஷம் கழிச்சுக் கூப்பிட்டா போன் எடுக்கிறாங்களா?” இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்தான் முக்கியம்.

தனியாளா, சிறு நிறுவனமா, பெரிய நிறுவனமா என்று குழம்ப வேண்டாம். ஐந்து பக்கத் தளத்துக்குத் தனியாளே போதும். ஆனால் அவர் வேலைக்குச் சேர்ந்து வெளியூர் போய்விட்டால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டுவிடுங்கள். சிறு நிறுவனத்தில் விலை கொஞ்சம் கூடும், ஆள் மாறினாலும் வேலை நிற்காது. பெரிய நிறுவனத்தில் உங்கள் வேலை அவர்களுக்குக் கடைசி வேலையாக இருக்கும்.

எல்லோரிடமும் இந்த எட்டுக் கேள்விகளைக் கேளுங்கள்:

1. “தம்பி, டொமைன் எங்கிட்டதான் இருக்கு. ஹோஸ்டிங்கையும் என் பேர்லயே வாங்கித் தருவீங்களா?”
2. எதை வைத்துச் செய்கிறீர்கள்? வேர்ட்பிரஸ் போன்ற பொது மென்பொருளா, உங்கள் சொந்தத் தயாரிப்பா?
3. நாளை உங்களுக்கு நேரமில்லை என்றால் வேறொருவர் இதைப் பராமரிக்க முடியுமா?
4. விலையில் என்னென்ன அடக்கம்? எத்தனை பக்கம், எத்தனை முறை திருத்தம்?
5. இரண்டாம் வருடம் நான் எவ்வளவு, எதற்குக் கட்ட வேண்டும்?
6. பேக்கப் எத்தனை நாளுக்கு ஒரு முறை? அது எங்கே இருக்கும்?
7. படமும் விலையும் நானே மாற்றிக்கொள்ளக் கற்றுக்கொடுப்பீர்களா?
8. ஜி.எஸ்.டி. சேர்த்த விலையா, சேர்க்காத விலையா?

இரண்டாம் கேள்வியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வேர்ட்பிரஸ் 2003-லிருந்து இருக்கும் இலவச மென்பொருள். அது தெரிந்தவர்கள் சென்னையில் எங்கும் கிடைப்பார்கள். ஒருவரின் சொந்த மென்பொருளில் செய்த தளத்தை அவரைத் தவிர யாராலும் தொட முடியாது. அவர் கேட்கும் விலைதான் விலை.

படி 5: அவர்கள் செய்த தளங்களைச் சோதியுங்கள்

லேப்டாப்பில் அவர்கள் காட்டுவதைப் பார்த்து மயங்க வேண்டாம். மூன்று முகவரிகளை வாங்கி வந்து நீங்களே பாருங்கள்.

1. போனில் திறங்கள். வைஃபை வேண்டாம். கிண்டி ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். எழுத்தைப் பெரிதாக்காமல் படிக்க முடிகிறதா? போன் நம்பரைத் தொட்டால் கால் போகிறதா?
2. வேகம் பாருங்கள். கூகுளின் ‘பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்’ என்ற இலவசப் பக்கத்தில் முகவரியைக் கொடுத்தால் நூற்றுக்கு மதிப்பெண் வரும். மொபைல் மதிப்பெண்ணைப் பாருங்கள். பக்கத்தின் முக்கியமான பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல்.
3. பாதுகாப்பைப் பாருங்கள். பாதுகாப்பான இணைப்பு இல்லை என்று பிரௌசர் எச்சரித்தால் அந்தத் தளத்தில் எஸ்.எஸ்.எல். சான்றிதழ் சரியில்லை. ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ என்ற அமைப்பு இதை இலவசமாகவே தருகிறது. சிறு தளத்துக்கு இதற்கென்று ஆயிரக்கணக்கில் கேட்டால் காரணம் கேளுங்கள்.
4. தமிழ் எழுத்தைச் சோதியுங்கள். தளத்தில் இருக்கும் ஒரு தமிழ் வரியைக் காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் யூனிகோடு, நல்லது. புரியாத ஆங்கில எழுத்துகளாக வந்தால் பாமினி போன்ற பழைய எழுத்துரு. தளத்தில் தமிழாகத் தெரிந்தாலும் கூகுளால் அதைத் தமிழாகப் படிக்க முடியாது, தேடினால் வராது. அச்சகத்தில் பழகியவர்கள் செய்யும் தளங்களில் இந்தப் பிழை வரும். எழுத்தைப் படமாக ஒட்டியிருந்தாலும் இதே கதிதான். நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான், முக்தா மலர் போன்ற யூனிகோடு எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.
5. நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். காட்டிய மூன்றில் இரண்டு திறக்கவே இல்லை என்றால், உங்கள் தளத்துக்கும் நாளை அதே நிலைதான்.

படி 6: மூன்று வருடக் கணக்குப் போடுங்கள்

கணக்கு எப்படிப் போடுவது என்று காட்ட, இரண்டு கற்பனைக் கொட்டேஷன்களை எடுத்துக்கொள்வோம்.

கொட்டேஷன் அ: எல்லாம் சேர்த்து முதல் வருடம் ₹5,999. அடுத்தடுத்த வருடங்களுக்குப் புதுப்பிப்பு ₹8,000. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ₹500. வருடத்துக்கு ஆறு திருத்தம் என்று வைத்தால் மூன்று வருடத்துக்கு ₹9,000.
மொத்தம்: 5,999 + 16,000 + 9,000 = ₹30,999.

கொட்டேஷன் ஆ: செய்து தர ₹16,000. டொமைன், ஹோஸ்டிங் இரண்டும் உங்கள் பெயரில், வருடத்துக்கு ₹4,000. சிறு திருத்தங்களை நீங்களே செய்யக் கற்றுத்தருகிறார்.
மொத்தம்: 16,000 + 12,000 = ₹28,000.

முதல் நாள் பார்த்தால் இரண்டாவது ஏறக்குறைய மூன்று மடங்கு. மூன்றாம் வருட முடிவில் அதுதான் குறைவு. அதோடு, நான்காம் வருடம் பிடிக்காவிட்டால் ஆளை மாற்றிக்கொள்ளும் சுதந்திரமும் இரண்டாவதில்தான் இருக்கிறது.

ஜி.எஸ்.டி. குறிப்பு: இணையதள வடிவமைப்புக்கு வரி 18 சதவீதம். பதிவு பெற்றவர் மட்டுமே இதை வசூலிக்கலாம். பில்லில் இருக்கும் ஜி.எஸ்.டி. எண்ணை அரசின் ஜி.எஸ்.டி. தளத்தில் போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. எண் இல்லாமல் 18 சதவீதம் கேட்டால் கொடுக்காதீர்கள். நீங்களும் வழக்கமான முறையில் பதிவு பெற்றவர் என்றால் இந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுக்க முடியுமா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள்.

படி 7: எழுதி வாங்குங்கள்

தெரிந்த பையன்தானே என்று விட்டுவிடுவது வழக்கம். ஆனால் சட்டம் உங்களுக்குச் சாதகமாக இல்லாத இடம் இது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வெளியாளிடம் காசு கொடுத்துச் செய்துகொண்ட நிரலுக்கும் எழுத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமையாளர் பொதுவாக அதைச் செய்தவர்தான். உரிமையை மாற்றித் தருவதும் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். அதிலும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் பொருள்கொள்ளப்படும்.

நுகர்வோர் நீதிமன்றத்தை நம்பி இருக்கவும் முடியாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வணிக நோக்கத்துக்காகச் சேவை வாங்குபவர் நுகர்வோர் ஆக மாட்டார். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவோருக்கு மட்டும் விலக்கு உண்டு.

அதனால் இரண்டு பக்க ஒப்பந்தம் ஒன்று போதும். அதில் இவை இருக்கட்டும்:

1. என்னென்ன பக்கங்கள், எந்த மொழிகளில், எந்தத் தேதிக்குள்.
2. எத்தனை முறை திருத்தம் இலவசம்.
3. முழுப் பணமும் தந்தபின் வடிவமைப்பு, எழுத்து, இதற்கென்றே எழுதிய நிரல் ஆகியவற்றின் உரிமை ‘காலவரம்பின்றி, உலகெங்கும்’ உங்களுக்கு.
4. படங்களும் தீம்களும் (தளத்துக்கான ஆயத்த வடிவங்கள்) உரிமம் பெற்றவை என்ற உறுதி.
5. பணம் தரும் கட்டங்கள்.
6. முடிந்தபின் எத்தனை மாதம் பிழைதிருத்தம் இலவசம்.
7. நடுவில் நின்றுபோனால், அதுவரை செய்ததை ஒப்படைப்பது எப்படி.

பணம் தரும் வரிசை: அட்வான்ஸ் 30 சதவீதம். மாதிரிப் பக்கங்களுக்கு ஒப்புதல் தந்தபின் 40. சாவிகள் எல்லாம் கைக்கு வந்தபின் மிச்சம் 30. முழுப் பணமும் முன்கூட்டியே கேட்பவருக்கு வணக்கம் சொல்லி அனுப்புங்கள். அதேபோல் கட்டம் முடிந்ததும் நீங்களும் இழுத்தடிக்காமல் கொடுங்கள். அவரும் சிறு தொழில் செய்பவர்தான்.

படி 8: விஷயத்தை நீங்கள் கொடுங்கள்

வேலை தாமதமாவதற்குப் பெரும்பாலும் காரணம் வடிவமைப்பாளர் அல்லர். படமும் எழுத்தும் தராத உரிமையாளர்தான்.

- காலை வெளிச்சத்தில், மெஷினைத் துடைத்துவிட்டு, போனிலேயே படம் எடுங்கள். செய்த உருப்படிக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்தால் அளவு புரியும்.
- கூகுளில் தேடி எடுத்த படங்களைப் போட விடாதீர்கள். உரிமையாளர் இழப்பீடு கேட்டு நோட்டீஸ் அனுப்பினால் அது உங்களுக்குத்தான் வரும்.
- வாடிக்கையாளரின் டிராயிங், பார்ட் நம்பர், லோகோ எதையும் எழுத்து மூலம் அனுமதி வாங்காமல் போடாதீர்கள். வாகன உதிரிபாக ஜாப் ஒர்க் செய்பவர்கள் இதில் தவறினால் ஆர்டரே போய்விடும்.
- பான் எண், வங்கிக் கணக்கு, கையெழுத்து உள்ள சான்றிதழ்களை அப்படியே ஏற்றாதீர்கள்.
- விசாரணைப் படிவத்தில் பெயர், போன், தேவை மூன்றும் போதும். தேவையில்லாத விவரம் கேட்டால், 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதைக் காக்கும் பொறுப்பும் உங்கள் தலையில் விழும்.

தளத்திலேயே பொருள் விற்கப்போகிறீர்களா? 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி நிறுவனத்தின் சட்டப் பெயர், முகவரி, திருப்பி எடுக்கும் முறை, குறைதீர் அலுவலர் விவரம் ஆகியவற்றைத் தளத்தில் காட்ட வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

படி 9: ஒப்படைப்பு நாளில் வாங்க வேண்டியவை

கடைசித் தவணைக்கு முன் ஒவ்வொன்றாக டிக் செய்யுங்கள்.

1. ஹோஸ்டிங் கணக்கின் லாகின். நீங்களே நுழைந்து கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.
2. தளத்தின் அட்மின் லாகின். முழு அதிகாரம் உள்ளதா என்று பாருங்கள். வெறும் ‘எடிட்டர்’ அனுமதி போதாது.
3. தளம் தேடலில் எப்படி வருகிறது, யார் பார்க்கிறார்கள் என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோல், அனலிட்டிக்ஸ் கணக்குகள் உங்கள் மெயிலில்.
4. வாங்கிய தீம், பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) உரிமங்கள் உங்கள் பெயரில்.
5. முழுத் தளத்தின் பேக்கப் ஒன்று.
6. படம், விலை, நேரம் மாற்றுவது எப்படி என்று ஸ்கிரீனைப் பதிந்த வீடியோ.
7. உங்கள் டொமைனிலேயே அமைந்த மின்னஞ்சல், அனுப்பியும் பெற்றும் பார்த்தது.

பேக்கப் குறிப்பு: ஒரு நகலைப் பட்டறைக் கம்ப்யூட்டரில் மட்டும் வைக்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு கரைபுரண்டபோது கிண்டி, ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைகளில் மெஷினோடு கம்ப்யூட்டரும் முழுகியது. ஒரு நகல் கிளவுடில், ஒரு நகல் வீட்டில் பென் டிரைவில் இருக்கட்டும்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

- “எல்லாத்தையும் நீயே பாத்துக்கப்பா.” டொமைன் அவர் பெயருக்குப் போகும் வழி இதுதான்.
- திருட்டுத் தீம். பணம் கட்டி வாங்க வேண்டிய தீமை உடைத்து, ‘நல்டு’ என்று இலவசமாகப் பரப்புவார்கள். கொட்டேஷன் நம்ப முடியாத அளவு குறைந்தால் இதுவும் காரணமாக இருக்கலாம். அதற்குள் வைரஸ் நிரல் ஒளிந்திருந்தால், உங்கள் தளத்தைத் திறப்பவருக்குச் சூதாட்ட விளம்பரம் தெரியும்.
- அலங்கார மோகம். முகப்பில் ஓடும் வீடியோ, பறக்கும் எழுத்து. போனில் திறக்கவே நேரமாகும்.
- ‘கூகுளில் முதல் இடம் உறுதி.’ அப்படி யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே சொல்கிறது. விளம்பரத்துக்குப் பணம் கட்டலாம், தேடல் வரிசைக்குக் கட்ட முடியாது.
- செய்துவிட்டு மறப்பது. மாறிய போன் நம்பர் தளத்தில் பழையபடியே இருந்தால், தளமே இல்லாததை விட மோசம்.

பாதுகாப்பு

டொமைன் பதிந்ததுமே அழைப்புகள் வரத் தொடங்கலாம். “சார், உங்க கூகுள் லிஸ்டிங் இன்னிக்கு எக்ஸ்பயர் ஆகுது, உடனே பே பண்ணுங்க” என்பார்கள். கூகுள் மேப் பதிவுக்குக் கட்டணமே கிடையாது, அது காலாவதியும் ஆகாது. ‘டொமைன் முடிகிறது, இந்த லிங்கில் பணம் கட்டுங்கள்’ என்று வரும் மெயிலையும் தொடாதீர்கள். நீங்களாகப் பதிவாளரின் தளத்துக்குப் போய்த் தேதியைப் பாருங்கள்.

1. பதிவாளர், ஹோஸ்டிங், மின்னஞ்சல் மூன்றுக்கும் வேறு வேறு கடவுச்சொல். மூன்றிலும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு.
2. ஓ.டி.பி.யை வடிவமைப்பாளருக்கும் சொல்லாதீர்கள். உண்மையான தேவை என்றால் நேரில் உட்கார்ந்து நீங்களே போடுங்கள்.
3. தெரியாதவர் சொல்லி, ஸ்கிரீனைப் பகிரும் செயலி எதையும் போனில் ஏற்றாதீர்கள்.
4. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு வாய்ப்பு.
5. ஆளை மாற்றினால் அன்றே எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள்.

சந்தேகம் கேட்க நேரில் ஓர் இடம் வேண்டுமென்றால், கிண்டி ஜி.எஸ்.டி. சாலையில் மத்திய அரசின் எம்.எஸ்.எம்.இ. வளர்ச்சி, வசதி அலுவலகம் இருக்கிறது. ஈக்காட்டுத்தாங்கலில் மாநில அரசின் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் இருக்கிறது. டிஜிட்டல் விற்பனை பற்றிய பயிற்சி எப்போது என்று இரு இடங்களிலும் கேட்டு வையுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது

திங்கட்கிழமை தேவைத் தாளை எழுதுங்கள். செவ்வாய் கூகுள் மேப்பில் பதியுங்கள். புதன் டொமைனை உங்கள் பெயரில் வாங்குங்கள். அதன் பிறகு மட்டுமே வடிவமைப்பாளரைக் கூப்பிடுங்கள். வடிவம் பிடிக்காவிட்டால் மாற்றலாம், ஹோஸ்டிங் சரியில்லாவிட்டால் வேறிடம் போகலாம், ஆளே சரியில்லாவிட்டால் வேறு ஆளைப் பார்க்கலாம். அதற்கெல்லாம் ஆகும் செலவு கொஞ்சம்தான். அடுத்தவர் பெயரில் போய்விட்ட டொமைனைத் திரும்பப் பெறுவதற்கு ஆகும் செலவையும் அலைச்சலையும் முன்கூட்டிக் கணக்கிடவே முடியாது.